மணிக்கூண்டு, அறுபத்தோராம் விநாடி

சேந்தன் ஒரு கேமை முழுதாக ஆடி முடித்து நான்கு வருடமாகிறது. இதை அவன் யாரிடமும் ஒப்புக்கொண்டதில்லை. அவனுடைய சேனலைப் பார்க்கிற எண்பதாயிரம் பேரும் அவனைப் பெரிய கேமர் என்றுதான் நம்பிக்கொண்டிருந்தார்கள்.

புது கேம் வருகிற அன்று காலையிலேயே இறக்கிவிடுவான். ஊரெல்லாம் கதை எப்படி, முடிவு எப்படி என்று பேசிக்கொண்டிருக்கும்போது இவன் செட்டிங்ஸ் பக்கத்தில் நிழலைக் கூட்டி, புல்லைக் குறைத்து, குட்டைத் தண்ணீரில் வானம் தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பான். முதல் பத்து நிமிடத்தைப் பதினைந்து முறை ஓடவிடுவான். விநாடிக்கு எத்தனை பிரேம், அதாவது எத்தனை படம், வருகிறது என்று குறித்துக்கொண்டு கேமை அழித்துவிடுவான். கல்யாண வீட்டுக்குப் போய், பந்தியில் உட்காராமல், அண்டாக்களை எடை போட்டுவிட்டுத் திரும்புகிற ஆள் அவன். "இப்ப வர்ற கேம்ல எறும்புக்குக்கூட நிழல் இருக்குங்க, கதைக்குத்தான் ஆளில்ல" என்று வீடியோவில் அலுத்துக்கொள்வான். அந்தக் கதையை அவன் பார்த்திருந்தால்தானே.

கேம்கள் வரும் போகும். கம்ப்யூட்டரில் படத்தை வரைகிற கிராஃபிக்ஸ் கார்டுகளைச் சோதிப்பதுதான் அவன் வேலை. அவற்றை ஒன்றோடொன்று ஒப்பிட வேண்டுமென்றால் எல்லோருக்கும் பொதுவான ஒரு காட்சி வேண்டும். உலகம் முழுவதும் அதற்குப் பயன்பட்ட பெஞ்ச்மார்க்கின், அதாவது சோதனைக் காட்சியின், பெயர் 'மணிக்கூண்டு'. கோயம்புத்தூர் மணிக்கூண்டுதான். மூன்று வருடத்துக்கு முன்னால், ஒரு மார்ச் மாத வியாழக்கிழமை மாலை, ஒரு நிறுவனம் வந்து கம்பங்களில் கேமராக்களைக் கட்டி அந்தத் தெருவை ஆளோடும் வண்டியோடும் அப்படியே அளந்து எடுத்துக்கொண்டு போனது. தொண்ணூறு விநாடிக் காட்சி. 'படத்தில் வர விருப்பமில்லாதவர்கள் எதிர்ப்பக்கமாக நடக்கவும்' என்று ஒரு தாளும் ஒட்டியிருந்தார்கள். டவுன்ஹால் கடைவீதி நெரிசலில் அதைப் படித்தவர்கள் யாரென்று தெரியவில்லை.

போலந்துக்காரனும் கொரியாக்காரனும் நம் ஊர்த் தெருவில்தான் கார்டைச் சோதிக்கிறார்கள் என்பதில் சேந்தனுக்கு அத்தனை பெருமை. அவன் மட்டுமே அந்தக் காட்சியை நாலாயிரம் தடவைக்கு மேல் ஓட்டியிருப்பான்.

ஆறுச்சாமி அவன் வீட்டுக் கதவைத் தட்டியது ஒரு புதன்கிழமை காலை பதினோரு மணிக்கு. ஐம்பத்தைந்து வயதிருக்கும். காக்கிச் சட்டை, கையில் செல்போன்.

"தம்பி, இந்த மணிக்கூண்டு வீடியோ போடறது நீங்கதானுங்களே?"

"ஆமாங்ணா. உள்ள வாங்க. கார்டு ஏதாச்சும் வாங்கணுங்களா?"

"கார்டெல்லாம் நமக்கெதுக்குங்க. நான் டவுன் பஸ்ஸுல கண்டக்டருங்க. எங்க வண்டி டிரைவரு உங்க பழைய வீடியோ ஒண்ணு பாத்துட்டு எங்கிட்டக் காட்டுனாரு. அதுல எம்புள்ள வருதுங்க."

உட்காரச் சொன்னதும் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். பெண்ணின் பெயர் சிந்துஜா. பி.காம். இரண்டாம் வருடம். தினமும் மாலை ஐந்து இருபதுக்கு மணிக்கூண்டு நிறுத்தத்தில் அப்பாவின் பஸ்ஸில்தான் ஏறி வீட்டுக்கு வருவாள். அந்த வியாழக்கிழமை வரவில்லை. அதற்குப் பிறகு எந்த வியாழக்கிழமையும் வரவில்லை.

"பின்னாடி வண்டிக்காரன் ஹார்ன் அடிச்சுட்டே இருந்தானுங்க. ஒரு நிமிஷம் நிறுத்திப் பாத்தேன். டைமிங் போயிரும்னு விசிலைக் குடுத்துட்டேன்." அதைச் சொல்லும்போது அவர் சேந்தனைப் பார்க்கவில்லை. "போலீஸ் ஸ்டேஷன்ல என்ன சொன்னாங்க தெரியுங்களா? வயசுப் புள்ள, யார்கூடவாச்சும் ஓடிப் போயிருக்கும்னாங்க. சொந்தக்காரங்களும் அதையேதான் சொன்னாங்க. நானும் ஊட்டுக்காரியும் மட்டுந்தான் இல்லீன்னு சொல்லிட்டிருக்கறோம். போறவளா இருந்தா எங்கிட்டச் சொல்லிட்டே போயிருப்பாங்க தம்பி. அவளுக்கு எங்கிட்ட ஒளிக்கத் தெரியாது."

செல்போனை நீட்டினார். சேந்தன் மூன்று வருடத்துக்கு முன் போட்ட வீடியோ. அறுபத்தோராம் விநாடியில் நிறுத்தி வைத்திருந்தார். மஞ்சள் சுடிதாரில் ஒரு பெண் தெருவோரமாக நிற்கிறாள். பக்கத்தில் ஒரு வேன். அந்த விநாடியில் கேமரா குனிந்து செருப்புக் கடையைக் காட்டும், அதனால் தெருவின் தூரப் பகுதி திரையின் இடது மேல் மூலைக்குப் போய்விடும். அங்கேதான் சேந்தனின் கறுப்புக் கட்டம் இருந்தது. பிரேம் எண்ணிக்கை, கார்டின் சூடு, இழுக்கும் மின்சாரம். செல்போனில் பார்ப்பவர்களுக்கும் தெரியட்டும் என்று பெரிதாகவே வைத்திருந்தான். அவர் வீடியோவை ஓடவிட்டார். பெண் கட்டத்துக்குப் பின்னால் போகிறாள். கேமரா நிமிர்கிறது. தெருவில் வேனும் இல்லை, பெண்ணும் இல்லை.

"இதைக் கொண்டுபோய் ஸ்டேஷன்ல காட்டுனேனுங்க. அங்க இருந்த இன்ஸ்பெக்டரு நல்லபடியாத்தான் பேசுனாரு. வேன்ல ஏறுனாளா, அந்தப் பக்கம் தாண்டிப் போனாளா, இந்தக் கட்டத்துக்குப் பின்னாடி என்ன இருக்குதுன்னு கொண்டு வா, நம்பரு தெரிஞ்சா நாளைக்கே வண்டியப் புடிச்சர்றேன்னாரு. அந்தக் கட்டத்தக் கொஞ்சம் நகத்த முடியுங்களா தம்பி?"

சேந்தனுக்கு உடம்பு சிலிர்த்தது. நாலு வருடமாக அவன் செய்கிற வேலையால் ஒரு மனிதனுக்கு உண்மையிலேயே ஒரு பயன் இருக்கப் போகிறது.

"கட்டத்தை எடுத்துட்டே ஓட்டலாங்ணா. அஞ்சு நிமிஷ வேலை."

கட்டத்தை அணைத்தான். போன மாதம் வந்த, இருப்பதிலேயே வேகமான கார்டில் மணிக்கூண்டை ஓடவிட்டான். பூக்கடை, ஜூஸ் கடை, சைக்கிளில் ஒரு பெரியவர். ஐம்பது. ஐம்பத்தைந்து. கேமரா குனிந்தது. இந்த முறை மூலை திறந்து கிடந்தது. வேனின் பக்கக் கதவு விலகியது, உள்ளிருந்து ஒரு கை அவள் மணிக்கட்டைப் பிடித்தது, மஞ்சள் நிறம் உள்ளே போனது.

ஆறுச்சாமி எழுந்து நின்றுவிட்டார். "பாத்தீங்களா? பாத்தீங்களா தம்பி? நாந்தான் சொன்னேனே!" அழுகையா ஆத்திரமா என்று பிரிக்க முடியாத குரல்.

சேந்தன் காட்சியை நிறுத்தி நம்பர் பலகையைப் பெரிதாக்கினான். தெளிவாக இருந்தது. அதில் தெறித்திருந்த சேறுகூடத் தெரிந்தது. கடைசி நான்கு எண்கள் 4417. ஆறுச்சாமி சட்டைப் பையிலிருந்து ஒரு டிக்கெட்டைக் கிழித்துப் பின்பக்கம் எழுதிக்கொண்டார்.

"இன்னொரு தடவை ஓட்டி, வீடியோவா எடுத்துத் தர்றேங்ணா. ஸ்டேஷன்ல காட்டலாம்."

இரண்டாம் முறை வேன் வந்தது. கதவு திறந்தது. எந்தக் கையும் வரவில்லை. பெண் வேனுக்குப் பின்புறமாகப் போனாள். நம்பர் 8203. சேறு இருந்தது, வேறு இடத்தில்.

மூன்றாம் முறை 1159. வெள்ளை வேன் இப்போது பாதாம்பால் நிறத்தில் இருந்தது.

ஆறுச்சாமி டிக்கெட்டையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார். "எதைங்க தம்பி எழுதறது?" என்றார்.

சேந்தன் நஸ்ரீனுக்கு போன் போட்டான். கல்லூரியில் ஒரே வகுப்பு. இப்போது பெங்களூரில், இந்தக் கார்டுகளை இயக்கும் மென்பொருளை எழுதுகிற குழுவில் இருக்கிறாள். பெரியவரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டான். விஷயத்தைச் சொன்னான்.

"சேந்தா, நீ பாக்கறது வேன் இல்லடா. அங்க முன்னாடி ஒரு வேன் இருந்துச்சுங்கறது மட்டுந்தான் கார்டுக்குத் தெரியும். மிச்சத்தை அதுவா நிரப்புது."

"நம்பர் அவ்வளவு தெளிவாத் தெரியுதே?"

"நீ அங்க பாத்த, அதனால தெளிவா வரைஞ்சுது. பழைய கார்டு தெருவுல இருக்கற எல்லாத்தையும் வரையும். புதுசு, உன் கண்ணு போற இடத்தை மட்டும் ஒழுங்கா வரைஞ்சுட்டு மத்ததை ஊகிச்சுக்கும். மானிட்டருக்குக் கீழ ஒரு பட்டை இருக்கே, உன் கண்ணைப் பாத்துட்டே இருக்கறது, அதுக்குத்தான். நாப்பது சதவீதம் வேகம் அதுலதான் வந்துச்சு. 'இலவச வேகம்'னு நீதானே தலைப்பு போட்ட?"

"சரி, ஒரிஜினல் தகவல் காட்சியோட ஃபைல்ல இருக்கும்ல?"

"இருந்துச்சு. போன வருஷம் மணிக்கூண்டு இருநூறு ஜிபியிலிருந்து பதினெட்டு ஜிபி ஆச்சு, ஞாபகம் இருக்கா? எப்படி ஆச்சுன்னு நெனச்ச? உலகம் பூரா டெஸ்ட் பண்றவங்க கண்ணு எங்கெல்லாம் போச்சுன்னு எடுத்து, யாருமே பாக்காத இடத்தையெல்லாம் தூக்கிட்டாங்க."

"ஒருத்தன்கூடவா அந்தப் பக்கம் பாக்கல? மேல் மூலைடி அது."

"மூலையைத்தான் எல்லாரும் பாத்தீங்க. அங்க இருந்த நம்பரை. உங்க நம்பர் கட்டத்தை. ஏழு லட்சம் ஓட்டம் என்கிட்டப் பதிவா இருக்கு சேந்தா. தொண்ணூறு விநாடியில எண்பது விநாடி எல்லார் கண்ணும் அந்தக் கட்டத்துலதான். கட்டத்துக்குப் பின்னாடி இருந்த தெருவை ஒருத்தனும் பாத்ததில்ல."

சேந்தனுக்குக் காது சூடாகிவிட்டது. நாலாயிரம் தடவை. அந்தப் பெண் நாலாயிரம் தடவை அவன் கண் முன்னால் நின்றிருக்கிறாள். விநாடிக்கு நூற்றிருபத்தெட்டு பிரேமா, நூற்றிருபத்தொன்பதா என்று அவன் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான்.

"பழைய இருநூறு ஜிபி காப்பி கெடைக்குமா?"

"உன்கிட்ட இல்லையா?"

இல்லை. ஒவ்வொரு சோதனைக்கு முன்னாலும் டிஸ்க்கைச் சுத்தமாக அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றுவதுதான் அவர்கள் தொழில் வழக்கம். பழைய ஃபைல் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தாலும் எண்கள் மாறிவிடும். 'சுத்தமான டிஸ்க், சுத்தமான ரிசல்ட்' என்று அவனே ஒரு வீடியோ போட்டிருக்கிறான். அவனுடைய வீடியோக்களில் அதிகம் பேர் பார்த்தது அதுதான்.

"அப்ப அந்த கம்பெனிகிட்ட? கேமராவுல எடுத்தது?"

"அழிச்சாச்சு. முகம் தெரியற பதிவை ரெண்டு வருஷத்துக்கு மேல வெச்சிருக்கக் கூடாதுன்னு சட்டம் வந்துச்சுல்ல. தெருவுல நடந்து போனவங்களோட பாதுகாப்புக்காக."

ஆறுச்சாமி முதல் முறையாகக் குறுக்கே பேசினார். "யாரோட பாதுகாப்புங்க அம்மிணி?"

நஸ்ரீன், மன்னிச்சுக்கோங்க என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள்.

அடுத்த இரண்டு மணி நேரம் சேந்தன் உட்காரவில்லை. தெரிந்த சோதனைக்காரர்கள் எல்லோருக்கும் எழுதினான். சென்னையில் மூன்று பேர், வெளிநாட்டில் பதினொரு பேர். பழைய மணிக்கூண்டு யாரிடமாவது இருக்கிறதா, ஒரு மனுஷனின் மகள் விஷயம் என்று கெஞ்சி எழுதினான். பதில்கள் வரிசையாக வந்தன. எல்லோரும் அழித்திருந்தார்கள்; எல்லோருடைய பழைய வீடியோவிலும் அதே மூலையில் அதே மாதிரிக் கட்டம். எல்லோரும் ஒழுக்கமான தொழில்காரர்கள். மலேசியாவிலிருந்து ஒருவன், உங்கள் வீடியோவைப் பார்த்துத்தான் சார் கற்றுக்கொண்டேன் என்று கைகூப்பும் படம் ஒன்றும் சேர்த்து அனுப்பியிருந்தான்.

சேந்தன் கொடுத்த டீயைக் குடித்துவிட்டு, ஆறுச்சாமி தம்ளரைத் தானே கழுவி வைத்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"தம்பி, நம்பரு வேண்டாங்க. விடுங்க. எம்புள்ளய மட்டும் ஒருக்கா நான் உக்காந்து பாத்துக்கட்டுமா? பெரிய டிவியில பாத்தமாதிரி இருக்கும்."

"அண்ணா, அது நெசமான சிந்துஜா இல்லீங்ணா. மிஷின் ஊகிச்சு வரையறது. மொகமும் அப்படித்தான்."

"புரியுதுங்க. நானொண்ணும் ஏமாந்துர மாட்டேன். மூணு வருஷமாச்சு, நடக்கறதயாச்சும் பாத்துக்கறேன்."

இந்த இடத்தில் சேந்தன் முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். அதைப் பிற்பாடு அவன் பல தடவை நினைத்துக்கொண்டான். ஆனால் கையில் கொடுக்க வேறு எதுவுமே இல்லாதபோது, கேட்டதை எப்படி மறுப்பது? தன் நாற்காலியில் அவரை உட்கார வைத்தான். கண்ணைக் கவனிக்கும் பட்டை புது ஆளைப் பழகிக்கொள்ள வேண்டும். திரையில் தோன்றிய ஐந்து புள்ளிகளை ஒவ்வொன்றாகப் பார்க்கச் சொன்னான். அவர் பள்ளிக்கூடப் பையன் மாதிரி கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார்.

பக்கத்துத் திரையில் அவருடைய பார்வை ஒரு சிவப்புப் புள்ளியாக ஓடியது. சேந்தன் அதையே கவனித்தான். புள்ளி பூக்கடையைத் தொடவில்லை, சைக்கிளைத் தொடவில்லை. நேராக மஞ்சள் சுடிதாரிடம் போய் நின்றது. அவள் முகம் கொஞ்சம் கொஞ்சமாகத் துலங்கியது. நெற்றியில் பொட்டு வந்தது. ஆறுச்சாமி வாயைப் பொத்திக்கொண்டார்.

அப்புறம் புள்ளி அசைந்தது. தெருவின் அந்தக் கோடியில் ஒரு பஸ் மங்கலாகத் திரும்பிக்கொண்டிருந்தது. புள்ளி அதன் படிக்கட்டுக்குப் போனது. பெண்ணிடம் வந்தது. மறுபடியும் படிக்கட்டு. அவர் வேண்டுமென்று செய்யவில்லை. இருபத்தாறு வருடமாக, பஸ் ஒன்று நிறுத்தத்துக்கு வந்தால் யார் ஏறுகிறார்கள் என்று பார்த்த கண். வேனின் பக்கம் அது போகவேயில்லை. அதைப் பார்க்க அவருக்குத் தாங்கவில்லை போலிருக்கிறது.

"இன்னொருக்கா போடுங்க தம்பி."

இரண்டாம் முறை பஸ் கிட்டத்தில் வந்தது. நிறம் பச்சை என்று தெரிந்தது. மூன்றாம் முறை வேன் கரைந்து ஒரு சாம்பல் திட்டாகிவிட்டது. சேந்தனுக்குப் புரிந்துவிட்டது. யாரும் பார்க்காததை விட்டுவிடு, பார்ப்பதைச் சேர்த்து வை. கார்டுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். இந்தக் கண் பெண்ணுக்கும் படிக்கட்டுக்கும் நடுவே போய்ப் போய் வருகிறது, ஆகவே இரண்டுக்கும் ஏதோ தொடர்பு இருக்கிறது.

"அண்ணா, போதுங்ணா. நிறுத்திர்றேன்."

"ஒண்ணே ஒண்ணு. அவ்வளவுதான்."

நான்காம் முறை அறுபத்தோராம் விநாடியில் சிந்துஜா துப்பட்டாவைச் சரி செய்தாள். யாரும் அவளைக் கூப்பிடவில்லை, யாரும் கையைப் பிடிக்கவில்லை. இரண்டு எட்டு நடந்தாள். பச்சை பஸ் அவளுக்காகவே நிற்கிற மாதிரி நின்றது. கம்பியைப் பிடித்து ஏறினாள். ஏறியதும் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். பஸ் கிளம்பியது.

ஆறுச்சாமி திரையை நோக்கிக் கையை நீட்டினார்.

"பின்னாடி ஏணி இருந்துது, பாத்தீங்களா?" என்றார். "டவுன் பஸ்ஸுக்கு ஏணி இருக்காதுங்க. வெளியூர் வண்டி அது."

"அண்ணா, அது உங்க கண்ணு பண்ணுனது. நீங்க பஸ்ஸையே பாத்தீங்க, அதனால மிஷினு அவளை அதுல ஏத்திருச்சு. நெசத்துல அப்படி நடக்கல."

"அப்ப மொதல்ல பாத்தமே, வேனு, கை புடிச்சு இழுத்தது, அது நடந்துதுங்களா?"

சேந்தனால் பொய் சொல்ல முடியவில்லை. "அதுவும் தெரியாதுங்ணா. அது என் கண்ணு பண்ணுனதா இருக்கும்."

"உங்களுக்கு எம்புள்ளயத் தெரியாதுங்க தம்பி. நீங்க பாத்தா வேன்லதான் ஏறும். நான் அவளப் பெத்தவன். நான் பாத்தப்ப வந்த சிரிப்பு இருக்குதே, அது அவ சிரிப்புங்க. ஒரு பக்கமா வாயக் கோணிக்கிட்டு. அதை எந்த மிஷினுக்கும் சொல்லிக் குடுக்க முடியாது."

நீங்கள்தான் சொல்லிக் கொடுத்தீர்கள் என்று சொல்ல சேந்தன் வாயெடுத்தான். முகத்தில் எந்த இடத்தில் எவ்வளவு நேரம் பார்த்தீர்களோ, அந்த இடத்தில் அது சிரிப்பை வைத்தது என்று சொல்ல வேண்டும். அதை எந்த வார்த்தையில் சொல்வதென்று தெரியவில்லை. அதற்குள் திரையின் ஓரத்தில் ஒரு சின்ன அம்பு மேல்நோக்கி ஓடி மறைந்தது. ஒவ்வொரு ஓட்டமும் கம்பெனிக்குப் போய்ச் சேர்கிறது, அதைத் தடுக்க வழி கிடையாது. யாருமே பார்க்காத அந்த மூலைக்கு இனி ஒரே ஒரு சாட்சி இருக்கிறார். இன்னும் சில வாரத்தில் கொரியாவிலும் போலந்திலும் சிந்துஜா பச்சை பஸ்ஸில் ஏறிப் போய்விடுவாள்.

"நான் இன்னும் தேடிப் பாக்கறேங்ணா. யார்கிட்டயாச்சும் பழைய காப்பி இருக்கும்."

"வேண்டாங்க." ஆறுச்சாமி எழுந்தார். உள்ளே வந்தபோது இருந்த பதற்றம் அவரிடம் இல்லை. 4417 என்று எழுதிய டிக்கெட்டை எடுத்துப் பார்த்து, நான்காக மடித்து, குப்பைக்கூடை எங்கே என்று கேட்டுப் போட்டார். "ரொம்ப நன்றிங்க தம்பி. மூணு வருஷமா ரோட்டுல போற வேனையெல்லாம் எட்டி எட்டிப் பாத்துட்டிருந்தேன். ஒருத்தனையும் நம்ப முடியல. இன்னைக்குத்தான் ஒரு முடிவு தெரிஞ்சுது."

"அண்ணா, நான் சொல்றதைக் கொஞ்சம்..."

"ஓடிப் போனவளுன்னு ஊரே சொன்னப்ப எல்லார்கிட்டயும் சண்ட புடிச்சனுங்க. ஸ்டேஷன்ல அந்த சார்கிட்ட என்னென்னமோ பேசிட்டேன். அவரு சரியாத்தான் சொல்லியிருக்காரு."

செருப்பை மாட்டிக்கொண்டு கும்பிட்டுவிட்டு இறங்கினார். சேந்தன் படிக்கட்டின் தலைப்பில் நின்றான். பாதிப் படியில் ஆறுச்சாமியின் போன் அடித்தது. அவர் மனைவி. ஸ்டேஷனுக்குப் போயாச்சா, நம்பர் கிடைத்ததா என்று அந்த அம்மாள் கேட்டது மேலே வரைக்கும் கேட்டது. அவர் ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"வேனே இல்ல ருக்கு. அவளாத்தான் போயிருக்கா. நானே கண்ணுல பாத்தேன், சிரிச்சுட்டே ஏறுனா." கொஞ்ச நேரம் மறுபக்கத்தைக் கேட்டார். "அழுவாத. பீரோவுல அவ துணியெல்லாம் வெச்சிருக்கறயே, அதயெல்லாம் எடுத்து யாருக்காச்சும் குடுத்துரு."